கை அசைகிறது என்று மட்டும் சொன்னேன்

போன மாதம் நம் தமிழ் வானொலியின் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தீர்கள். விளையாட்டு வர்ணனைக்குப் பழகும் உங்களில் ஒருவர், நீலச் சட்டை போட்ட பிள்ளை, எழும்பிக் கேட்டார்: "அங்கிள், லைவ்ல பிழை விட்டா என்ன செய்யிறது?"

நான் பகிடியாக, "உடனே அடுத்த பிழையை விடும் பிள்ளை, முதலாவதை ஆக்கள் மறந்திடுவினம்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். வகுப்பு முடிந்து இப்போது நான் இருக்கும் மெல்பேர்ன் பக்கத்து வெரிபீக்குக் காரில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது நல்ல கேள்வி. நான் சொன்னது தப்பித்துக்கொள்கிற பதில். இருபத்தாறு வருடம் மைக்குக்கு முன்னால் இருந்தவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிரிக்கெட்டுக்கோ காற்பந்துக்கோ வர்ணனை சொன்னவன் அல்ல. நியூ சவுத் வேல்சில் வண்டிக் குதிரை ஓட்டங்களுக்கு வர்ணனை சொன்னவன். குதிரையின் முதுகில் ஆள் இருக்க மாட்டார். பின்னால் இரண்டு சக்கரம் பூட்டிய மெல்லிய வண்டி. அதில் சாரதி காலை நீட்டிக்கொண்டு இருப்பார். குதிரை நான்கு கால் பாய்ச்சலில் பாயக் கூடாது, ஒரே சீரான நடையில்தான் ஓட வேண்டும். நடை குழம்பினால் சாரதி இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். நீள்வட்டத் திடலை இரண்டு, மூன்று முறை சுற்றி வருவார்கள். எந்தக் குதிரை எங்கே போகிறது என்பதை அந்த இரண்டரை நிமிடமும் விடாமல் சொல்வது என் வேலை. திடலின் ஒலிபெருக்கிகளிலும் அது கேட்கும், வானொலியிலும் போகும்.

மன்னாரில் இருந்து வந்த ஒருவன் இதற்குள் எப்படிப் போனான் என்று எல்லோரும் கேட்பார்கள். ஒலிபெருக்கி திருத்தப் போனேன், அவ்வளவுதான். சிட்னிக்கு வந்த புதிதில் ஒலிபெருக்கிகள் வாடகைக்கு விடும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்தேன். நாட்டுப்புறத் திடல் ஒன்றில் பின்பக்கத்து ஒலிபெருக்கிகள் கரகரக்கின்றன என்று என்னை அனுப்பினார்கள். திருத்தி முடித்து, கோபுரத்து அறைக்கு ஏறி மைக்கைச் சோதித்தேன். கீழே ஐந்து குதிரைகள் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தன. "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லி அலுத்துப்போய், ஓடுகிற குதிரைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பெயர் தெரியாது. சாரதிகளின் சட்டை நிறத்தை வைத்துச் சொன்னேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அவர் அந்தத் திடலின் நடுவர். முடிவுக்கோட்டுக்கு நேரே இருந்து, எது முதலில் வந்தது என்று தீர்ப்புச் சொல்பவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய பெயரை எழுதக் கூடாது என்று அவரே கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நடுவர் என்றே எழுதுகிறேன். அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். என் நினைவில் அப்படித்தான் தங்கியிருக்கிறது.

"கடைசியா வந்த குதிரையைப் பற்றி மூண்டு தரம் சொன்னீர், ஏன்?" என்றார்.

"அதுவும் ஓடினதுதானே" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு கிழமை கழித்துத் திடலின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, பயிற்சி ஓட்டங்களுக்கு வர்ணனை சொல்ல வருகிறீரா என்று கேட்டார். நடுவர் சொல்லித்தான் கேட்டாராம். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்து பார்த்த ஒருவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சமல்ல.

வீட்டில் அவ்வளவு வரவேற்பு இல்லை. என் மனைவி ஸ்டெல்லா சிட்னியின் பரமட்டாவுக்குப் பக்கத்துப் பெரிய ஆசுபத்திரியில் தாதி. அவருக்குக் குதிரை ஓட்டம் என்றால் சூதாட்டம், சூதாட்டம் என்றால் குடும்பம் கெடுவது. "வேலைக்குப் போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா என்னை அங்க வரச்சொல்லிக் கேட்காதேங்கோ" என்றார். நானும் கேட்கவில்லை.

இனி என் பெரிய பிழைக்கு வருகிறேன்.

ஓட்டங்களைச் சொல்லத் தொடங்கி இரண்டாம் வருடம். நாட்டுப்புறத் திடல் ஒன்றில் வருடாந்தக் கிண்ணத்துக்கான ஓட்டம். கடைசி நேர்கோட்டில் இரண்டு குதிரைகள் தலைக்குத் தலை வந்தன. உள்ளே ஓடியது ஒரு பால்பண்ணைக்காரத் தம்பதியின் குதிரை. அவர்களே வளர்த்தது, அதன் தாயும் அவர்கள் தொழுவத்தில் பிறந்ததுதான். இரண்டும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன. எது முதல் என்று எனக்குத் தெரியவில்லை. என் அறை கோட்டுக்கு நேரே இல்லை, கொஞ்சம் சரிவாக இருந்தது. ஆனால் சனம் எழும்பி நின்று கத்தியது, என் தொண்டையிலும் அந்தச் சூடு ஏறிவிட்டது. உள்ளே ஓடிய குதிரையின் பெயரைச் சொல்லி, "வென்றுவிட்டது! வென்றுவிட்டது!" என்று கத்தினேன்.

கீழே பால்பண்ணைக்காரர் தொப்பியை மேலே எறிந்தார். அவர் மனைவி யாரோ தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். மூன்று நிமிடம் இருக்கும். பிறகு புகைப்படத்தைப் பார்த்து நடுவர் முடிவை அறிவித்தார். வெளியே ஓடிய குதிரை, மூக்கு நுனி அளவில் முதல்.

தூக்கியவர்கள் அந்தப் பெண்ணை இறக்கிவிட்டார்கள். அவர் புல்லிலேயே இருந்துவிட்டார். கணவர் தொப்பியைத் தேடிக்கொண்டு நின்றார். இதையெல்லாம் நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை.

ஓட்டமெல்லாம் முடிந்த பின்பும் நான் கீழே இறங்கவில்லை. கார் நிறுத்துமிடம் காலியாகட்டும் என்று ஒளிந்திருந்தேன். நடுவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"என்ர வேலையை ஏன் நீர் செய்தனீர்?" என்று கேட்டார்.

"எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது" என்றேன்.

"தெரிஞ்சதோ, தெரியவேணும் எண்டு ஆசைப்பட்டனீரோ?"

நான் பைனாகுலரை உறைக்குள் வைக்கத் தொடங்கினேன்.

"கண்டதைச் சொல்லும். காணாததைக் காணேல்லை எண்டு சொல்லும். ரெண்டும் வர்ணனைதான்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறுதலாக ஒரு சொல் இல்லை. அன்றைக்கு அது எனக்குக் கல்நெஞ்சாகப் பட்டது.

மறுநாள் காலை அந்தப் பண்ணைக்குக் காரில் போனேன். இரண்டு மணித்தியால ஓட்டம். பால்கறக்கும் கொட்டகையில் தரையைக் குழாயால் கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண், என்னைக் கண்டும் தண்ணீரை நிறுத்தவில்லை. நான் யார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கழுவி முடிக்கும்வரை நான் நின்றேன்.

"மூண்டு நிமிஷம் நாங்கள் வெண்டனாங்கள்" என்றார் கடைசியில். "அதை இனி ஒருத்தருக்கும் செய்யாதேயும். தோல்வியைத் தாங்கலாம். குடுத்திட்டுப் பறிக்கிறதைத் தாங்க ஏலாது."

பிறகு உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் தந்தார். தோற்ற குதிரையையும் காட்டினார். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, பிழை விட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்களே. போய் நேரில் நில்லுங்கள். மைக்கில் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்பது சுலபம். அது நமக்காகக் கேட்பது. யாருடைய முகம் மாறியதோ அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்பது வேறு. அந்தப் பெண் தேநீர் தராமல் துரத்தியிருந்தாலும் நான் போனது சரிதான்.

இதற்குப் பிறகு பல வருடம் பெரிய பிழை இல்லாமல் ஓடியது. என் உச்சரிப்பு விளங்கவில்லை என்று வந்த முறைப்பாடுகள் மெல்லக் குறைந்தன. ஸ்டெல்லாவின் கருத்து மட்டும் மாறவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிற்பகல், மூன்றாவது ஓட்டம். நான் முதன்முதல் ஒலிபெருக்கி திருத்திய அதே திடல். காலையில் மழை பெய்து பிறகு வெயில் எறித்திருந்தது. பத்துக் குதிரைகள். இன்னும் ஒரு சுற்று மிச்சம் இருக்க எல்லோரும் பார்வையாளர் பக்கம் கோட்டைக் கடந்தார்கள். கடந்த மறுகணமே நடுவில் போன குதிரை ஒன்று நடை குழம்பியது. பக்கத்து வண்டியின் சக்கரம் அதன் சக்கரத்தில் சிக்கியது. அதன் சாரதி க்ளென் மேலே எறிபட்டு, கோட்டில் இருந்து அறுபது மீற்றர் தள்ளி, ஓடுபாதையின் நடுவில் விழுந்தார். அவருடைய குதிரை வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு மற்றவர்களோடு போய்விட்டது.

க்ளென் எழும்பவில்லை.

அந்தத் திடலைக் குதிரைகள் சுற்றிவர ஏறக்குறைய ஒரு நிமிடம். சுற்றி வரும்போது அது கடைசி நேர்கோடு. ஒன்பது பேரும் முழு வேகத்தில் கோட்டை நோக்கி வருவார்கள். அந்த வேகத்தில் கோட்டைத் தாண்டி அறுபது மீற்றருக்குள் ஒருவராலும் நிறுத்த முடியாது. அம்புலன்ஸ் திடலின் மறுபக்கத்தில் நின்றது. அதுவும் ஒரு நிமிடத்துக்குள் வந்து சேராது.

இப்படியான நேரத்தில் ஓட்டத்தை நிறுத்தச் சைரனும் சிவப்பு விளக்கும் இருக்கும். மேற்பார்வை அதிகாரிதான் அவற்றைப் போட வேண்டும். பக்கத்து அறையில் அவர் பொத்தானை அழுத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினார். சத்தம் வரவில்லை, விளக்கும் எரியவில்லை.

"வேலை செய்யேல்லை!" என்று கத்தினார்.

வர்ணனையாளர் சாரதிகளுக்கு உத்தரவு கொடுக்கக் கூடாது. அது எழுதிவைத்த விதி, நல்ல விதியும்கூட. நான் மைக்கைப் பிடித்தபடி, வாயைத் திறக்காமல் நின்றேன். நடுவர் தன் கதிரையில் இருந்து திரும்பினார்.

"வேலை செய்யிற ஒரே சாமான் உம்மட கையில இருக்கு" என்றார்.

செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் நான் செய்தவற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் நான் பேசவில்லை. அவர்கள் அப்போது வளைவில் இருந்தார்கள். அந்த வளைவில் ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் சிதறிப்போகும். பின்பக்க நேர்கோட்டில்தான் தெளிவாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும், அவற்றைத் திருத்தியவன் நான். வளைவில் கத்தினால் பாதிப்பேருக்குக் கேட்கும், பாதிப்பேருக்குக் கேட்காது. பாதிப்பேர் நிறுத்தி மற்றவர்கள் பின்னால் வந்து மோதினால் ஒரு க்ளென்னுக்குப் பதிலாக நான்கு க்ளென்கள் கிடப்பார்கள். ஆகவே அவர்கள் பின்பக்கம் வரும்வரை பொறுத்தேன். பத்து வினாடி இருக்கும். கீழே ஆட்கள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது.

பிறகு பேசினேன். குரலை உயர்த்தவில்லை, இறக்கினேன். முன்னால் ஓடுகிறவரில் இருந்து தொடங்கவில்லை. கடைசியில் இருந்து தொடங்கினேன்.

"ஓட்டம் நிற்பாட்டப்படுது. இது வர்ணனை இல்லை. பீட்டர், நீர்தான் கடைசி. முதல் நீர் இழுத்துப் பிடியும். பீட்டர் பிடிச்சிட்டார். கெவின், உமக்குப் பின்னால இப்ப ஒருத்தரும் இல்லை. நீர் பிடியும்."

இப்படி ஒவ்வொருவராக. பின்னால் ஒருவரும் இல்லை என்று தெரிந்தால்தான் ஒரு சாரதி துணிந்து கடிவாளத்தை இழுப்பார். எட்டுப் பேர் வேகத்தைக் குறைத்தார்கள். முன்னால் போன மிக் மட்டும் குறைக்கவில்லை. நான்கு குதிரை நீளம் முன்னால். வெல்கிற குதிரை. அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் நம்பவில்லையா, இன்றைக்கும் அவருக்கே தெரியாது என்கிறார். கடைசி வளைவுக்குள் வந்துவிட்டார்.

அப்போது நான் சொன்னேன்: "மிக், கோட்டுக்கு அங்கால க்ளென் கிடக்கிறார். க்ளென்."

பெயர் கேட்டதும் மிக் வண்டியில் பின்னுக்குச் சாய்ந்து முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தார். குதிரை தலையைத் தூக்கி அடித்தது. கோட்டுக்கு நாற்பது மீற்றர் முன்னால் நடைக்கு வந்தது. பின்னால் க்ளென்னின் ஆளில்லாத குதிரை மட்டும் வெறும் வண்டியோடு வந்துகொண்டிருந்தது. அதற்கு என்னால் என்ன சொல்ல முடியும்? மிக் ஒருவரும் சொல்லாமலே தன் குதிரையையும் வண்டியையும் பாதைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். வந்த குதிரை அவரைக் கண்டு மிரண்டு, தயங்கி, வெளிவேலிப் பக்கம் ஒதுங்கி நின்றது. ஓர் ஆள் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தார்.

வென்றிருக்க வேண்டிய ஓட்டத்தை விட்டுவிட்டு அப்படிக் குறுக்கே நின்ற மனிதர் அவர். அன்றைக்கு என்னைப் பாராட்டியவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன்.

அம்புலன்ஸ் க்ளென்னிடம் போய்விட்டது. திடலில் ஒரு சத்தமும் இல்லை. என் காதுக்கருவியில் மட்டும் சிட்னி நிலையத்தில் இருந்து தயாரிப்பாளரின் குரல்: "ஏதாவது சொல்லும்! அவருக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லும். சனம் கேட்டுக்கொண்டிருக்கு!"

சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஒன்றுமில்லை என்று சொன்னால் அது உண்மையாகிவிடும் போல ஓர் எண்ணம் அந்த நேரத்தில் வரும். உங்களுக்கும் வரும். பைனாகுலரை எடுத்தேன். க்ளென் ஒருக்களித்துக் கிடந்தார். கால்கள் அசையவில்லை. இடது கை மணலைப் பொத்துவதும் விடுவதுமாக இருந்தது.

"க்ளென் ஓடுபாதையில் கிடக்கிறார். அம்புலன்ஸ்காரர் அவரிடம் போய்விட்டார்கள். அவருடைய இடது கை அசைகிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்வேன்" என்றேன்.

பிறகு சும்மா இருந்தேன். கழுத்துப்பட்டி போட்டபோது, போடுகிறார்கள் என்றேன். கை இன்னும் அசைகிறது என்றேன். பதினைந்து நிமிடம் அவ்வளவுதான் சொன்னேன். ஹெலிகொப்டர் வந்து அவரை ஏற்றிப் போனது. மிச்ச ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. மைக்கை அணைத்த பிறகும் நான் நின்றபடியே இருந்தேன். நடுவர் ஒரு கதிரையை இழுத்து என் பின்னால் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை, ஓட்டங்களை நடத்தும் சபையில் இருந்து தொலைபேசி வந்தது. விசாரணை முடியும்வரை மைக்கைத் தொடக் கூடாது. வியாழக்கிழமை பரமட்டாவில் உள்ள அவர்களுடைய அலுவலகத்துக்கு வர வேண்டும். இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, அதிகாரம் இல்லாமல் ஓட்டத்தை நிறுத்தியது. மற்றது, குடும்பத்துக்கு அறிவிக்க முன்னரே விழுந்தவரின் பெயரை வானொலியில் மறுபடி மறுபடி சொன்னது.

முதலாவது என்னைச் சுடவில்லை. இரண்டாவது சுட்டது. மிக்கை நிறுத்தப் பெயர் தேவைப்பட்டது, உண்மை. ஆனால் திடலுக்குப் போகிற அதே மைக் வானொலிக்கும் போகிறது என்பது அந்தக் கணத்தில் என் மனதில் இல்லை. பிறகும் பெயரைச் சொன்னேனே, அதற்கு என்ன சாட்டு? க்ளென்னுக்கு ஒரு மனைவி இருக்கிறார், ட்ரேசி. நான் அவரைக் கண்டதில்லை. அவர் எங்கே இருந்து கேட்டாரோ?

அன்று பின்னேரம் ஸ்டெல்லா வேலையால் வந்ததும் நடந்ததை முழுதாகச் சொன்னேன். க்ளென் என்ற பெயரைச் சொன்னதும் அவருடைய முகம் ஒரு கணம் வேறுமாதிரிப் போனது.

"உங்கட வார்டிலயோ?" என்று கேட்டேன்.

"என்னட்டைக் கேட்காதேங்கோ."

"உயிருக்கு ஒண்டும் இல்லைத்தானே? அதை மட்டும் சொல்லும்."

"இஞ்சேருங்கோ, கேட்டாலும் சொல்ல மாட்டன். பார்க்கவேணும் எண்டா எல்லாரையும் போல விசிட்டிங் நேரத்தில போய்ப் பாருங்கோ."

கோபம்தான் வந்தது. ஆனால் படுக்கப் போகும்போது யோசித்தேன். தனக்குத் தெரிந்ததைக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒருத்தியோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். தெரியாததைச் சொன்னவன் நான்.

புதன்கிழமை, விசாரணைக்கு முதல்நாள், திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் சீருடையோடு ஸ்டெல்லா. "யாரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போலக் கேட்டார். நானும் சொன்னேன். கையால் கட்டிலைக் காட்டினார்.

க்ளென் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பும் ஒரு காலும் உடைந்திருந்தன. பக்கத்தில் மெல்லிய ஒரு பெண் இருந்தார். நான் வணக்கம் சொன்னதும் சட்டென்று நிமிர்ந்தார். என் முகத்தை அவர் கண்டதில்லை.

"அந்தக் குரல்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். ஒருவரும் அவருக்கு அறிவிக்க முன்னர் பெயரைச் சொன்னது என் பிழை என்றேன்.

"ஓம், பிழைதான்" என்றார் ட்ரேசி. சுற்றிவளைக்கவில்லை. "குசினியில நிண்டனான். பேரைக் கேட்டதும் அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். உங்களை எவ்வளவு திட்டினன் தெரியுமோ?"

"விளங்குது."

"ஆனா பிறகு, கை அசையுது எண்டு சொன்னனீங்கள். அதுக்கு மேல தெரியாது எண்டனீங்கள்." அவர் க்ளென்னின் போர்வையைச் சரிசெய்தார். "ஒண்டுமில்லை, சுகமா இருக்கிறார் எண்டு சொல்லியிருந்தா நான் ஒரு சொல்லும் நம்பியிருக்க மாட்டன். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவினம். நீங்கள் தெரியாது எண்டு சொன்னபடியாத்தான் கை அசையுறதை நம்பினன். இஞ்ச வந்துசேரும்வரைக்கும் அந்தக் கையைத்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

கொண்டுபோன திராட்சைப்பழத்தைக் கட்டிலருகே வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மருந்துத் தட்டோடு ஸ்டெல்லா நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "நேரம் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விசாரணையில் தலைமை அதிகாரி கேட்டார்: "ஓட்டத்தை நிற்பாட்ட உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை" என்றேன். பெயரைச் சொன்னது பிழை என்றும் நானாகவே சொன்னேன்.

அழைக்கப்படாமலே வந்து பின்வரிசையில் இருந்த நடுவர் எழும்பினார். "நான் கண்டதைச் சொல்லலாமோ?" என்று கேட்டார். அனுமதித்தார்கள். "சைரன் வேலை செய்யேல்லை. இவர் பத்து வினாடி பொறுத்தார். ஏன் பொறுக்கிறார் எண்டு எனக்கு விளங்கேல்லை. பிறகு விளங்கினது. ஒன்பது பேரையும் ஒழுங்கு மாறாமல் சொன்னார். நான் கண்டது அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

முடிவு ஒரே கடிதத்தில் வந்தது. முதல் பந்தியில் பெயரைச் சொன்னதற்குக் கண்டிப்பு. இரண்டாம் பந்தியில் ஓட்டத்தை நிறுத்தியதற்கு நன்றி. இரண்டும் நியாயம். சைரன் வேலை செய்யாவிட்டால் வர்ணனையாளர் மைக்கைப் பயன்படுத்தலாம் என்று பிறகு விதியிலும் சேர்த்தார்கள். ஆனால் வானொலிக்குப் போகும் இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். அதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். எனக்குப் பின்வந்தவர்கள் அந்தப் பொத்தானை என் பெயரால் அழைக்கிறார்களாம். நல்ல காரியத்துக்காக அல்ல, பிழைக்காகத்தான் என் பெயர் நிற்கிறது. பரவாயில்லை. அந்தப் பிழை இனி நடக்காதே.

க்ளென்னால் பிறகு வண்டியில் காலை நீட்டி இருக்க முடியவில்லை. ஒரு வருடம் கழித்து வேறு வேலையோடு திடலுக்கு வந்தார். இந்த ஓட்டங்களில் குதிரைகள் நின்ற இடத்தில் இருந்து புறப்படுவதில்லை. இரண்டு பக்கமும் நீண்ட கைகள் பொருத்திய கார் ஒன்று முன்னால் போகும். அதன் பின்னால் எல்லோரும் வரிசையாக வருவார்கள். புறப்படும் கோட்டில் கைகள் மடிந்து, கார் விரைந்து விலகிவிடும். அந்தக் காரை ஓட்டும் வேலை க்ளென்னுக்குக் கிடைத்தது.

அவருடைய முதல் நாள். ஸ்டெல்லாவுக்கு லீவு நாள். காலையில் நான் வெளிக்கிடும்போது அவரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். "நானும் வாறன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும் என்ற பயம்.

பார்வையாளர் வரிசையில் ட்ரேசியும் ஸ்டெல்லாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். முதல் ஓட்டம். கார் கைகளை விரித்துக்கொண்டு வந்தது. ஓட்டுநர் இருக்கையில் க்ளென். பின்னால் பத்துக் குதிரைகள். கோட்டில் கைகள் மடிந்தன, கார் விலகியது, குதிரைகள் புறப்பட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. விலகிப் போகும் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்கருவியில் தயாரிப்பாளர், "மைக் பழுதோ?" என்று பதறினார். பக்கத்து அறையில் நடுவர் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். மூன்று வினாடிக்குப் பிறகு குரல் வந்தது. வந்ததும் விடாமல் சொன்னேன்.

வீடு திரும்பும் வழியில், பென்ரித் நகரைத் தாண்டிய பிறகு, ஸ்டெல்லா வெளியே பார்த்தபடி கேட்டார்:

"அங்க கதைக்கிற குரலை வீட்டில நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

"வீட்டில நீர் எனக்கு மைக் தந்தாத்தானே" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் நான் திரும்ப வேண்டிய பாதையைத் தவறவிட்டேன். இருவரும் அரை மணித்தியாலம் பிந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.